வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன வெள்ளை வான் – ஆருக்கும் அந்த றைவரைத் தெரியுமோ?

கரைச்சிப்பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். இஞ்சை கனகாலமா வாசிக்கிறன், எழுதினது குறைவு. ஒரு ஆளைப் பற்றி விசாரிக்கவேணும். அதுக்கு முதல் நடந்ததைச் சொல்லவேணும். நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருசா வருசம் அம்மாதான் போறவ. இந்த முறை முழங்கால் ஏலாதெண்டு, நேர்த்தியை நீ போய்ச் செலுத்திப்போட்டு வா எண்டா. ஞாயிறு வேலை முடியவே நேரம் போயிட்டுது. இரவு பத்தரை போலை கிளிநொச்சி டிப்போச் சந்தியிலை நிண்டன். பஸ் எல்லாம் வாசல்வரை சனம். கடைசியா ஒரு வெள்ளை ஹயஸ் வந்து நிண்டது. றைவருக்கு ஒரு ஐம்பது வயசு இருக்கும், நெத்தியிலை திருநீறு. "வற்றாப்பளை, எழுநூறு" எண்டார். ஏறினன். உள்ளை என்னோடை ஒம்பது பேர். ஒருத்தரையும் தெரியாது.

பரந்தன் சந்தியிலை திரும்பினால் முல்லைத்தீவு மட்டும் ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். இப்ப றோட்டு நல்லம், ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலை செல்லாது. நாங்கள் போய்ச் சேரேக்கை விடிஞ்சிட்டுது.

விசுவமடு தாண்டி முதல் நிண்டது. ஒருத்தரும் நிப்பாட்டச் சொல்லேல்லை. றைவர் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, திரும்பிப் பாக்காமலே "இறங்கிறாக்கள் இறங்குங்கோ" எண்டார். முன்சீற்றிலை இருந்த அக்கா ஒராள் ஒண்டும் பேசாமல் இறங்கினா. ரோர்ச் அடிச்சு றோட்டோரப் பனையளை எண்ணினா. ஏழாவது பனையிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டா. கால் மணித்தியாலம் இருக்கும். வந்து ஏறினா, வான் வெளிக்கிட்டுது.

பிறகு சுதந்திரபுரம். அங்கை ஒரு வயசான ஐயா செருப்பைக் கழட்டிப்போட்டு இறங்கினார். பிறகு வள்ளிபுனம். ஒவ்வொரு இடத்திலையும் அதே சொல்லு, அதே குரல். ஆர் இறங்கப்போறினம் எண்டு அந்த மனிசனுக்கு என்னெண்டு தெரியும் எண்டு நான் யோசிச்சுக்கொண்டு இருந்தன். பயமெண்டு இல்லை, ஆனால் கை குளிர்ந்துபோச்சு.

புதுக்குடியிருப்புச் சந்திக்கு வந்தம். வற்றாப்பளைக்குப் போற வாகனம் அங்கை இரணைப்பாலைப் பக்கம் திரும்பவேண்டிய தேவையே இல்லை. இந்த வான் திரும்பினது. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை. கொஞ்சத் தூரம் போய், ஒரு ஒழுங்கை வாசலிலை நிண்டது. "இறங்கிறாக்கள் இறங்குங்கோ."

ஒருத்தரும் அசையேல்லை. றைவர் பொறுத்திருந்தார். திருப்பி ஒருக்காச் சொன்னார். அந்த ஒழுங்கையை எனக்குத் தெரியும். 2009 பங்குனியிலை நான் அதாலை நடந்தனான். எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு.

நான் இறங்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரி இருந்திட்டன். எவ்வளவு நேரம் நிண்டதெண்டு தெரியாது. பிறகு வான் திரும்பினது. வட்டுவாகல் பாலத்திலை ஏறேக்கை நந்திக்கடல் பக்கம் வெளிச்சம் வந்திட்டுது.

வற்றாப்பளையிலை இறங்கி ஆயிரம் ரூபாத் தாள் குடுத்தன். மிச்சம் முந்நூறை எண்ணித் தந்தார். நான் பானைக்கு இடம் பிடிக்கப் போயிட்டு வந்து தேடேக்கை வான் இல்லை. அந்த றைவரைத் தெரிஞ்சாக்கள் இருந்தால் சொல்லுங்கோ. எனக்கு அவரிட்டை ஒண்டு கேக்கவேணும்.

ஹயஸ்காரன்

தம்பி, நான் அந்த றோட்டிலை ஆறு வருசமா வான் ஓடுறன். உங்கடை கதையைப் பொய்யெண்டு சொல்ல வரேல்லை. எனக்கு விளங்கினதைச் சொல்லுறன்.

பரந்தனிலை இருந்து வட்டுவாகல் மட்டும் எந்த இடத்திலை பிறேக் அடிச்சாலும், வாகனத்துக்குள்ளை ஒராளுக்கு அந்த இடத்திலை ஏதோ இருக்கும். மாங்குளம், மல்லாவிப் பக்கச் சனம், கிளிநொச்சிச் சனம், மன்னாரிலை இருந்து மடு, அடம்பன் எண்டு இடம்பெயர்ந்து வந்த சனம், எல்லாம் 2009 சண்டையிலை கடைசியா அந்த ஒரு றோட்டாலைதானே போனது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். இதை நான் பாடமாக்கேல்லை, நடந்தனான். 2009 ஜனவரி 21ஆம் திகதி சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கத்தைப் பாதுகாப்பு வலயமெண்டு ஆமி அறிவிச்சது. அதை நம்பிப் போன சனம் அங்கையே செத்தது. அந்த இடத்திலை ஒரு வயசான மனிசன் செருப்பைக் கழட்டினதிலை என்ன மர்மம்?

எங்களிலை கனபேருக்கு ஒரு பழக்கம் இருக்கு. வட்டுவாகல் பாலத்திலை ஏறேக்கை பாட்டை நிப்பாட்டிப்போடுவம். ஒருத்தரும் சொல்லித்தந்து வந்ததில்லை. அந்த றைவரும் எங்களிலை ஒராள்தான். ஒருவேளை தன்ரை ஆக்களுக்காக நிப்பாட்டியிருப்பார்.

இரணைப்பாலைக்கு ஏன் திரும்பினது எண்டதுக்கு மட்டும் என்னட்டை விளக்கம் இல்லை.

முள்ளியவளை அக்கா

தம்பி, ஆரின்ரை பொங்கலுக்குப் போனனீர் எண்டதை மறந்திட்டு எழுதியிருக்கிறீர்.

மதுரையை எரிச்சுப்போட்டுக் கண்ணகை ஒரு கிழவியா நந்திக்கடல் பக்கம் வந்தவ. மாடு மேய்ச்சுக்கொண்டு நிண்ட பொடியளிட்டைப் பசிக்குதெண்டு கேட்டவ. பொடியள் பால்புக்கை பொங்கிக் குடுத்தவை. பொழுதுபட்டிட்டுது, விளக்கேத்த எண்ணெய் இல்லை. கடல்தண்ணியை ஊத்தி ஏத்துங்கோ எண்டா, எரிஞ்சது. பிறகு தலை கடிக்குது, பேன் பாருங்கோ எண்டிருக்கிறா. மயிரை விலத்திப் பாத்தால் தலை முழுக்கக் கண். ஆயிரம் கண்.

இண்டைக்கும் சிலாவத்தைக் கடலிலை தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலை உப்புத்தண்ணியிலை விளக்கெரிச்சு, வைகாசியிலை வாற அந்தத் திங்கக்கிழமைதான் பொங்கல். நான் சின்னனிலை இருந்து கும்பிடுறன். எண்ணெய் இல்லாமல் எரிய வைக்கிறவவுக்கு, நீர் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தெரியாதோ?

அந்த ஒழுங்கையிலை என்ன விட்டிட்டு வந்தனீர்? சொல்ல விருப்பமில்லாட்டில் விடும், மேனை.

பதில்வேணும்

அக்கா, உங்களிலை மரியாதை இருக்கு. எண்டாலும் இதைச் சொல்லாமல் போகேலாது.

என்ரை அண்ணாவை அம்மா வட்டுவாகலிலை தன்ரை கையாலை கொண்டுபோய் ஆமியிட்டை ஒப்படைச்சவ. 2009 மே 18. அவவுக்கு அந்த வழியிலை மர்மம் ஒண்டும் இல்லை. ஆரிட்டைக் குடுத்தனான் எண்டு தெரியும். எந்த பஸ்ஸிலை ஏத்தினவங்கள் எண்டு தெரியும். 2017 பெப்ரவரி 20இலை கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியிலை, காணாமல் ஆக்கப்பட்டவையைக் கேட்டுத் தாய்மார் போராட்டத்துக்கு இருந்த நாளிலை இருந்து அவவும் போறா. அவவோடை படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்த எத்தினையோ பேர் பதில் தெரியாமலே செத்துப்போச்சினம்.

இதுகளை எல்லாம் அம்மன், ஆவி, வெள்ளை வான் எண்டு கதையாக்கினால் செய்தவங்களுக்குத்தான் வசதி. அதோடை, ஆக்களைக் கடத்தின "வெள்ளை வான்" எண்ட சொல்லைத் தலைப்பிலை பாத்தோடனை எங்கடை வீட்டிலை ஆருக்கும் சோறு இறங்காது. அதையும் கொஞ்சம் யோசியுங்கோ. எங்களை இறங்கச் சொல்லித் தேவையில்லை. நாங்கள் பதினைஞ்சு வருசத்துக்கு மேலை இறங்கித்தான் நிக்கிறம். இறங்கவேண்டினவை வேறை ஆக்கள்.

கரைச்சிப்பொடியன்

பதில்வேணும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வானின்ரை நிறம் அதுதான், நான் அதை யோசிக்காமல் எழுதிப்போட்டன். இப்ப தலைப்பை மாத்த விடுகுதில்லை.

நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் என்ரை கணக்கு வேறை. நான் விட்டிட்டு வந்ததை ஆமி கொண்டுபோகேல்லை.

நீராவிப்பிட்டி

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

நான் நீராவிப்பிட்டியிலை பிறந்தவன். எங்கடை பயணம் உங்கடையை விடப் பத்தொன்பது வருசம் முந்தினது. 1990 ஒக்ரோபர் கடைசியிலை வடக்கிலை இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேறச் சொன்னது புலிகள் இயக்கம். எனக்கு எட்டு வயசு. புத்தளத்திலை ஓலைக் கொட்டிலுக்குள்ளைதான் வளர்ந்தன்.

வாப்பா வெளிக்கிடேக்கை வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டு ஐயாவிட்டைக் குடுத்தார். ஒரு கிழமையிலை வந்திடுவம் எண்டார். அந்த ஐயா படலை மட்டும் வந்தவர். வாப்பா கையைக் குடுத்தவர். ஐயா குனிஞ்சுகொண்டு நிண்டவர், கையைப் பிடிக்கேல்லை. பயத்திலை எண்டு இப்ப விளங்குது. வாப்பாவுக்கு அது கடைசி மட்டும் விளங்கேல்லை. புத்தளத்திலை இருந்துகொண்டு, வீடு போனதைப் பற்றிச் சொல்லமாட்டார், அந்தக் கையைப் பற்றித்தான் சொல்லுவார்.

2002இலை ஏ9 பாதை திறந்தோடனை நானும் வாப்பாவும் பஸ் ஏறினம். மாங்குளத்திலை இறங்கி ஒட்டுசுட்டானாலை முல்லைத்தீவுக்குப் போகவேணும். மாங்குளச் சந்தியிலை வாப்பா ரீ குடிச்சார். குடிச்சு முடிச்சு, "வா மகன், திரும்பிப் போவம்" எண்டார். நான் கெஞ்சினன். அவர் வரேல்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் வீடு. 2011இலை மௌத்தாப் போனார்.

அதுக்குப் பிறகு நான் தனியப் போனன். வீடு இல்லை, கிணறு இருந்தது. ஐயாவின்ரை மகள் பக்கத்துக் காணியிலை தறப்பாள் கொட்டிலிலை இருந்தா, மெனிக்பாம் அகதி முகாமாலை வந்தவ. என்னைக் கண்டோடனை "இஸ்மாயில் காக்கா மகனோ" எண்டு கேட்டா. அது வாப்பாவின்ரை பேரில்லை, பெரியப்பாவின்ரை பேர். நான் ஓம் எண்டன். ஐயா முள்ளிவாய்க்காலிலை செத்துப்போனார். அந்தத் திறப்பை அவர் இடுப்பிலை முடிஞ்சு வைச்சிருந்தவராம்.

தம்பி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததை நான் குறை சொல்லமாட்டன். என்ரை வாப்பாவும் மாங்குளத்தோடை திரும்பினவர்தான். ஆனால் அவர் திரும்பினதாலை, அந்தத் திறப்பு எங்கை இருந்ததெண்டு அவருக்குக் கடைசிவரை தெரியாமப் போச்சு.

ஹயஸ்காரன்

நாங்கள் உங்களுக்குச் சொல்லவேண்டிய ஒண்டு கனகாலமாச் சொல்லாமல் கிடக்கு, காக்கா. உங்களை அனுப்பேக்கை எங்கடை ஊரிலையும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. என்ரை அப்பாவும்தான்.

தையல்காரி

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு மூண்டு நாள் யோசிச்சன். ஏழாவது பனையடியிலை நிண்டது நான்தான்.

தம்பி, நீர் பின்சீற்றிலை கறுப்புப் பையை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்த பொடியன் எண்டு நினைக்கிறன்.

2009 தை. விசுவமடுவிலை இருந்து வெளிக்கிடேக்கை தையல்மெசினைக் கொண்டுபோகேலாதெண்டு, அவர் பொலித்தீனாலை சுத்தி அந்தப் பனையடியிலை தாட்டவர். என்ரை சீதன மெசின். உடையார்கட்டிலை வந்து இருந்த பிறகு நான் புறுபுறுத்துக்கொண்டே இருந்தன். அதைத் தோண்டிக்கொண்டு வந்தால், எங்கை போனாலும் தைச்சுப் பிழைக்கலாம் எண்டு. ரெண்டாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். போகச் சொன்னது நான். மாமி அவரைச் செல் பட்டுச் செத்ததெண்டு எல்லாருக்கும் சொல்லுவா, நானும் பேசாமல் இருப்பன். ஏன் போனவர் எண்டு மாமி ஒருநாளும் கேக்கேல்லை.

மெசினைப் பிறகு தோண்டிப் பாக்கேல்லை. இப்பவும் அங்கைதான் கிடக்கும்.

இன்னொண்டு சொல்லவேணும். அதுக்காகத்தான் எழுதினன். நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை. எங்கடை வான் இரணைப்பாலைக்குப் போகேல்லை, தம்பி. புதுக்குடியிருப்புச் சந்தியிலை நேராத்தான் போனது. வள்ளிபுனத்திலை நிண்டதாகவும் எனக்கு ஞாபகமில்லை. றைவர் "இறங்கிறாக்கள் இறங்குங்கோ" எண்டு ஒரேயொருக்காத்தான் சொன்னவர், என்ரை இடத்திலை.

கரைச்சிப்பொடியன்

அக்கா, கறுப்புப் பை என்ரைதான். உள்ளை நேர்த்திக்குக் கொண்டுபோன வெள்ளிக் கண்மலர்.

நீங்கள் எழுதினதை வாசிச்ச பிறகு ரெண்டு நாள் வேலைக்குப் போகேல்லை. நான் அந்த ஒழுங்கை வாசலைப் பாத்தனான். வேலிக் கதியாலைப் பாத்தனான். சரி, அதை விடுவம். வான் திரும்பினதோ இல்லையோ, நான் இறங்கேல்லை எண்டது உண்மை.

முள்ளியவளை அக்கா கேட்டதுக்கு இப்ப மறுமொழி சொல்லுறன்.

அம்மாவும் சின்னத் தம்பியும் முன்னுக்கு மாத்தளனுக்குப் போயிட்டினம். அப்பா சாமானைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு போனார். நானும் தங்கச்சியும் அப்பம்மாவோடை அந்த ஒழுங்கையிலை, வேப்பமரத்துக்குக் கீழை. அப்பம்மாவுக்கு நடக்கேலாது. அப்பா திரும்பி வந்து அவவைச் சைக்கிளிலை ஏத்துறதெண்டு பேச்சு. செல் கிட்டக் கிட்ட வந்தது. அப்பம்மா பாக்குரலிலை வெத்திலை இடிச்சுக்கொண்டு, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னுக்கு நட, கொப்பன் வருவான்" எண்டா. தண்ணிப் போத்திலைப் பக்கத்திலை வைச்சுப்போட்டு நடந்தம். கொஞ்சத் தூரத்திலை அப்பா எதிரை வந்தார். "அப்பம்மா எங்கை?" எண்டார்.

"செத்துப்போனா" எண்டு சொன்னன்.

அவர் திரும்பிப் போனால் வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும், அதாலை சொன்னன். அப்பா கொஞ்ச நேரம் நிண்டார். தங்கச்சியைச் சைக்கிள் பாரிலை ஏத்தினார், போனம்.

மெனிக்பாமாலை வந்த பிறகு, 2010இலை வந்த சட்டத்தின்படி அப்பா அவவுக்கு இறப்புச் சான்றிதழ் எடுத்தார். இடம் இரணைப்பாலை. திகதி, நான் சொன்ன திகதி. வருசா வருசம் பங்குனித் தேய்பிறையிலை அந்தத் திதிக்கு ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் குடுத்தார். அவர் 2018இலை மோசம் போனார். இப்ப அந்தத் திவசத்தைக் குடுக்கிறது நான். அப்பம்மா எண்டைக்குச் செத்தவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒருவேளை அண்டைக்கே. ஒருவேளை நாலு நாளைக்குப் பிறகு. உயிரோடை இருந்தவவுக்கு நாங்கள் பிண்டம் வைச்சிருக்கிறம்.

றைவரிட்டைக் கேக்க இருந்தது இதுதான்: நான் இறங்காட்டிலும் அங்கை ஆரும் நிண்டவையோ எண்டு.

முள்ளியவளை அக்கா

மேனை, வாசிச்சிட்டு விளக்கடியிலை போய் இருந்திட்டு வந்து எழுதுறன்.

உமக்கு அப்ப பதின்மூண்டு வயசு. அண்டைக்கு ஒரு தகப்பனைக் காப்பாத்தினனீர். அந்தப் பொய்யின்ரை விலையை இவ்வளவு காலமும் தனியக் கட்டியிருக்கிறீர்.

திதி தெரியாத ஆக்களுக்கு எங்கடை சனம் வழி வைச்சிருக்கு. தாய்க்குச் சித்திரைப் பறுவம், தகப்பனுக்கு ஆடி அமாவாசை. ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடி எள்ளும் தண்ணியும் விடேக்கை எல்லாப் பிதிர்களையும் நினைச்சு விடலாம். ஐயரிட்டை உண்மையைச் சொல்லிக் கேளும். ஆனால் முதல் வீட்டிலை சொல்லும்.

பதில்வேணும்

அண்டைக்கு நான் கடுமையா எழுதிப்போட்டன், அண்ணா. எழுதினதை மாத்தமாட்டன், ஆனால் உங்களுக்காக அழுதன். பொய் சொன்னது நீங்கள். செல் அடிச்சது நீங்கள் இல்லை. இது ரெண்டையும் ஒண்டாக்கிப்போடாதேங்கோ.

கரைச்சிப்பொடியன்

ஒரு மாசத்துக்குப் பிறகு வாறன்.

தங்கச்சியை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு, பட்டப்பகலிலை இரணைப்பாலைக்குப் போனன். புதுக்குடியிருப்புச் சந்தியிலை நானே திரும்பினன். ஒழுங்கை இருக்கு. வேப்பமரம் இல்லை. அந்த இடத்திலை ஒரு கல்வீடு, முத்தத்திலை கச்சான் காயுது. வீட்டுக்கார அம்மா எங்களைக் கண்டிட்டு உள்ளை போய் ரெண்டு கதிரை கொண்டுவந்து வைச்சா. ஆரெண்டு கேக்கேல்லை. "இப்பிடி ஆக்கள் வந்து நிக்கிறவை தம்பி, இருந்திட்டுப் போங்கோ" எண்டா. ரீயும் தந்தா. வீடு கட்டக் கிடங்கு வெட்டேக்கை ஏதும் கண்டனீங்களோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை.

கதிரையிலை இருந்துகொண்டு தங்கச்சியிட்டைச் சொன்னன். எல்லாத்தையும். அவள் கச்சானைப் பாத்துக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்: "தெரியும் அண்ணா. நாங்கள் நடக்கேக்கை பாக்குரல் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதானே வந்தது."

அவளுக்கு அப்ப ஏழு வயசு.

"மெனிக்பாமிலை தண்ணி லைனிலை நிக்கேக்கை அப்பா என்னட்டைத் தனியக் கேட்டவர்" எண்டாள். "அப்பம்மா உண்மையாச் செத்ததைக் கண்டனியோ எண்டு. ஓம் எண்டு சொன்னனான்."

நாங்கள் கனநேரம் இருந்தம். வெளிக்கிடேக்கை வெத்திலையும் பாக்கும் வேலியடியிலை வைச்சம். வீட்டுக்கார அம்மா கோழி கிளறாமல் மேலாலை ஒரு சிரட்டையைக் கவிட்டு விட்டா.

அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. ஆடி அமாவாசைக்கு முதல் சொல்லுறதெண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறம். தீர்த்தத்துக்குக் கீரிமலைக்குப் போகாமல் முல்லைத்தீவுக் கடலுக்குப் போவம் எண்டு தங்கச்சி சொல்லுறாள். அம்மாவின்ரை காலுக்கு மோட்டச்சைக்கிள் சரிவராது. ஹயஸ்காரன் அண்ணை, அண்டைக்கு உங்கடை வான் ஓட்டம் இல்லாமல் இருக்குமோ?

ஹயஸ்காரன்

இருக்கு. விடிய அஞ்சுக்கு டிப்போச் சந்தியிலை நிப்பன். என்ரை வான் நீல நிறம், பதில்வேணும் தங்கச்சி கவலைப்படத் தேவையில்லை. இரணைப்பாலைக்கும் திரும்புவம். அம்மா இறங்குறதெண்டால் இறங்கட்டும்.

நீராவிப்பிட்டி

நான் முல்லைத்தீவிலை உங்களைச் சந்திக்கிறன். சாப்பாடு எங்கடை வீட்டிலை. மரக்கறிதான், யோசிக்காதேங்கோ.

தையல்காரி

விசுவமடுவிலை என்னையும் ஏத்துங்கோ. மண்வெட்டி ஒண்டு கொண்டுவருவன், வானுக்குள்ளை இடமிருக்குமோ?